அண்ணனுக்கு மிஷின், தம்பிக்கு லைன்

உங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒருத்தர் படித்துவிட்டு மற்றவருக்குக் கொடுங்கள்.

நேற்றுக் காலையில் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் மெயில் பார்க்க உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு கேட்டு ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. எனக்குத் தெரிந்ததை அடித்தேன். பெட்டி போய், திரும்ப வந்தது. அக்காதான் மாற்றினாள் என்று தம்பி சொன்னான். அவன்தான் முதலில் மாற்றினான் என்று அக்கா சொன்னாள். உங்கள் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எழுந்து போய்விட்டேன். இத்தனூண்டு பெட்டிக்கு அப்பா ஏன் நாஸ்தா சாப்பிடாமல் எழுந்து போனார் என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அதற்குத்தான் இது.

இது பழைய கதை. பெரியவளே, நீ அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாய், உன் தம்பி கைக்குழந்தை. செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் தேடி வருகிற ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கெஸ்ட் ஹவுஸில் எனக்கு வேலை. பத்தாவது பாஸ், டைப்ரைட்டிங் லோயர், அவ்வளவுதான் என் படிப்பு. வெள்ளைக்காரர்கள் எழுதுகிற இங்கிலீஷை மெதுவாகப் படித்தால் புரியும். பேசினால் பாதி புரியும், மீதியை அவர்கள் கையைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். ரூம் கேட்டு வருகிற மெயிலை எடுத்துப் பார்ப்பது, பதில் போடுவது, சாவி கொடுத்து வாங்குவது, இதெல்லாம் என் பொறுப்பு. வாசலில் பெரிய போர்டு இருக்கும். முதலாளிகளுடைய செத்துப்போன அம்மா பேரைப் போட்டு, பக்கத்தில் 'இல்லம்' என்று, தமிழிலும் இங்கிலீஷிலும் முழ உயரத்துக்கு எழுதியிருப்பார்கள். ரோட்டில் பஸ்ஸில் போகிறவனும் படித்துக்கொண்டு போகலாம்.

முதலாளிகள் என்றேன். அண்ணன் தம்பி ரெண்டு பேர். பெரிய முதலாளி, சின்ன முதலாளி என்று கூப்பிடுவோம். அவர்கள் அப்பா இருந்தவரை ஒன்றாகத்தான் இருந்தார்கள். அவர் போய் வருஷம் திரும்புவதற்குள் பாகப்பிரிவினை வந்துவிட்டது. ஊரில் இருந்து சொந்தக்காரப் பெரியவர்கள் நாலு பேர் வந்து கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து பிரித்தார்கள். கட்டடத்துக்கு நடுவில் சுவர். மொட்டை மாடியிலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். ரிசப்ஷனுக்கு ஒரே வாசல், அங்கே சுவர் வைக்க முடியவில்லை என்று தரையில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார்கள். என் மேஜை அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

மேஜை மேல் இருந்ததையும் விடவில்லை. கம்ப்யூட்டர் அண்ணனுக்கு, டெலிபோன் லைன் தம்பிக்கு. ஆளுக்கு ஒன்று, சரிதானே என்று பெரியவர்கள் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் போன் லைனை மோடத்தில் சொருகினால்தான் இண்டர்நெட். அது பன்றியைக் கட்டி இழுப்பதுபோலக் கத்தி முடித்தபிறகு, மெயில் ப்ரோகிராம் எங்கேயோ இருக்கிற சர்வரில் இருந்து மெயில்களை இறக்கி நம் மிஷினில் வைக்கும். லைன் இல்லாமல் மிஷின் வெறும் டப்பா, மிஷின் இல்லாமல் லைன் வெறும் கயிறு. இதையெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. கெஸ்ட் ஹவுஸுக்கு இருந்த ஒரே மெயில் முகவரி யாருக்கு என்று கேட்கக்கூட இல்லை. வந்த பெரியவர்களுக்கு மெயில் என்றால் மெட்ராஸ் போகிற ரயில்.

என்னையும் பிரித்தார்கள். காலையில் நான் பெரிய முதலாளிக்கு வேலை செய்ய வேண்டும், மத்தியானத்துக்கு மேல் சின்ன முதலாளிக்கு. அவர்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது. ரெண்டு முழம் தள்ளி நின்றுகொண்டு, "அந்த ஆள் கிட்ட சொல்லுய்யா, தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொல்லி" என்பார் ஒருத்தர். நான் திரும்பி நின்று அதையே சொல்ல வேண்டும். பெரிய முதலாளிக்கு வெற்றிலை பழக்கம். எச்சிலைத் துப்பினால் கோட்டுக்கு அந்தப்பக்கம்தான் துப்புவார். அதைத் துடைப்பது மத்தியானத்து வேலை, அதாவது தம்பி கணக்கில் நான் செய்கிற வேலை. அந்த வாடை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

மாடியில் வயசான வெள்ளைக்காரர் ஒருவர் பல வருஷமாகத் தங்கியிருந்தார். வெள்ளை வேட்டி, பழைய செருப்பு, யாருக்கும் தொந்தரவு இல்லாத மனுஷன். பாகப்பிரிவினையில் அவர் ரூம் அண்ணன் பங்குக்கும், அதை ஒட்டிய குளியலறை தம்பி பங்குக்கும் போய்விட்டது. ரெண்டு சாவியையும் இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தார். அவருக்கு ஒரே மகள், அவர் நாட்டில் இருந்தாள். என்ன மனஸ்தாபமோ, ரொம்ப வருஷமாகப் பேச்சில்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியதும் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மகளுக்கு ஒரு மெயில் அடித்துக் கொடுக்கச் சொன்னார். ஒரு வரி சொல்வார், அழிக்கச் சொல்வார். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: நான் இன்னும் இருக்கிறேன், உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது, பதில் இந்த முகவரிக்கே போடு. அனுப்பினேன். மெயில் போனதும் என் தோளைத் தட்டிவிட்டு மேலே போனார்.

அடுத்த நாள்தான் பெட்டி வந்தது.

மோடம் கத்தி ஓய்ந்தது, மெயில் இறங்க வேண்டிய நேரத்தில் பெட்டி. பேர் சரியாக இருந்தது, கீழே பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நட்சத்திரம் விழுந்தது, ஓகே கொடுத்தேன், பெட்டி திரும்ப வந்தது. கேன்சல் கொடுத்தால் போய், மூச்சு விடுவதற்குள் மறுபடி வந்தது. கீபோர்டில் பெரிய எழுத்துக்கான விளக்கு எரிகிறதா பார்த்தேன். நட்சத்திரத்தை நம்பாமல் வெறும் பக்கத்தில் அடித்துப் பார்த்து, சரியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, அதை அப்படியே எடுத்து ஒட்டினேன். பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள் என்கிற கட்டத்தில் டிக் எடுத்துப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன். மிஷினை அணைத்துப் போட்டேன். பெட்டி, பெட்டி, பெட்டி. வாசலில் நின்று போகமாட்டேன் என்கிற கடன்காரன்கூட ஒரு வார்த்தை மாற்றிப் பேசுவான். இது அதே கேள்வியையே கேட்டது.

சர்வீஸ்காரரைக் கூட்டி வந்தேன். அவர் வைரஸ் என்றார், பிறகு மோடம் என்றார், பிறகு லைனில் கோளாறு என்றார். லைன் என்றதும் பெரிய முதலாளி, அது தன் பொருள் இல்லை என்று சொல்லி உள்ளே போய்விட்டார். சின்ன முதலாளி வந்து, லைன் தங்கம்போல இருக்கிறது, ஓட்டை மிஷினை வாங்கிக்கொண்டவரைக் கேள் என்றார். சர்வீஸ்காரர் ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மொத்தமாக அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார். அழித்தால் பழைய மெயில் எல்லாம் போய்விடும் என்று நான்தான் தடுத்தேன்.

தினம் காலையில் மாடிப்படிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளைக்காரப் பெரியவர் இறங்கி வருவார். ஏதாவது வந்ததா என்று கேட்பார். மிஷின் ரிப்பேர் என்று சொல்வேன். தலையை ஆட்டிவிட்டு ஏறிப் போவார். பிறகு கேட்பதை விட்டுவிட்டு என் முகத்தை மட்டும் பார்த்தார். அதற்குப் பிறகு இறங்கி வருவதையே விட்டுவிட்டார். மகள் பதில் போடவில்லை, இவன் மரியாதைக்கு ரிப்பேர் என்கிறான் என்று நினைத்திருக்கிறார். அது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையை அப்புறம்தான் செய்தேன். ஆசிரமம் பக்கத்து ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, அதே முகவரியை அங்கே இருந்து திறந்து பார்த்தேன். அங்கேயும் பாஸ்வேர்டு தப்பு என்று வந்தது. அப்போ நம் மிஷின் மேல் தப்பில்லை, மோடத்தின் மேலும் இல்லை. யாரோ பாஸ்வேர்டையே மாற்றியிருக்கிறார்கள். சென்டர்காரருக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு எங்கே துப்புவது என்று தெரியவில்லை. காலையில் தம்பி வருகிறாராம், சாயந்தரம் அண்ணன் வருகிறாராம். ரெண்டு பேரும் மூலை நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மெயில் பார்த்துவிட்டு, போகும்போது பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போகிறார்களாம். குளிர்காலத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் ரூம் கேட்கிற நேரம் அது. வருகிற ஆளை எல்லாம் தன் பக்கத்து ரூமுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும், மற்றவன் கண்ணில் படக்கூடாது. எனக்கும் சொல்லக்கூடாது, ஏனென்றால் பாதி நாள் நான் மற்றவனுடைய ஆள்.

பெரிய முதலாளியிடம் போய் நின்றேன். மாடிப் பெரியவருடைய மகள் மெயில் அதற்குள் மாட்டியிருக்கிறது, பாஸ்வேர்டை மட்டும் சொல்லுங்கள் என்றேன். விட்டத்தைப் பார்த்தார். பிறகு மத்தியானத்துக்குமேல் திறக்கமாட்டேன் என்று என் குழந்தைகள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு, காதோடு சொன்னார். உங்கள் மேல்தான் சத்தியம். வெற்றிலை வாடையோடு அந்த வார்த்தையைக் காதில் சுமந்துகொண்டு ஓடிவந்து அடித்தேன். பெட்டி திரும்ப வந்தது. அதற்குள் தம்பி மாற்றியாயிற்று. தம்பியிடம் போய்க் கெஞ்சி, அவர் பங்குக்கு ஒரு சத்தியம் செய்து, அவர் சொன்னதை வாங்கிவந்து அடித்தேன். அதற்குள் அண்ணன் மாற்றியாயிற்று. அது போதாதென்று, நம் மெயில் ப்ரோகிராம் வேறு தன்னிடம் இருந்த பழைய பாஸ்வேர்டைச் சும்மா சும்மா சர்வரில் கொண்டுபோய் நீட்டி, தப்புத் தப்பு என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. தப்பு ஜாஸ்தி ஆனால் சர்வர் கொஞ்ச நேரம் கதவையே சாத்திவிடும். அப்போது சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் திறக்காது.

மகள் கடிதம் கிடைக்காமல் ஒரு மனுஷன் மேலே படுத்துக் கிடக்கிறார் என்று ரெண்டு பேரிடமும் சொல்லிப் பார்த்தேன். ரூம் தன் பங்கு, மனுஷன் தன் பங்கு இல்லை என்பதுபோல அண்ணன் பார்த்தார். தம்பி ஒன்று கேட்டார்: "அந்தப் பொண்ணு வந்தா எந்தப் பக்கம் தங்கும்?"

அந்த வாரத்திலேயே அவர்கள் அம்மாவுக்குத் தெவசம் வந்தது. ஒரே அம்மா, ஒரே திதி. மொட்டை மாடியில் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு ஐயர், இந்தப்பக்கம் ஒரு ஐயர். அந்தப்பக்கம் ஒரு இலையில் பிண்டம், இந்தப்பக்கம் ஒரு இலையில் பிண்டம். சுவர் மேல் காக்கா வந்து உட்கார்ந்தது. தன் பக்கம்தான் முதலில் வர வேண்டும் என்று ரெண்டு பேரும் கா கா என்று போட்டி போட்டுக் கூப்பிட்டார்கள். அது அந்தப்பக்கம் ஒரு வாய், இந்தப்பக்கம் ஒரு வாய் கொத்தியது. தம்பி சம்சாரம் கீழே வந்து என்னிடம், எங்க இலையிலதான் ஜாஸ்தி சாப்பிட்டுச்சு என்றாள். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய.

அன்று மத்தியானமே நான் ப்ரௌசிங் சென்டருக்குப் போனேன். இவர்கள் எப்படி ஒருத்தர் மாற்றியதை இன்னொருத்தர் திறக்கிறார்கள் என்பது எனக்குப் பிடிபடாமல் இருந்தது. பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்று ஒரு வரி நீலத்தில் இருக்கும், அதை அழுத்தினேன். அடையாளத்துக்கு ஒரு கேள்வி வந்தது. முதலாளிகளுடைய அப்பா காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கியபோது ரெண்டு பேரும் சேர்ந்து போட்டு வைத்த கேள்வி.

உங்கள் தாயார் பெயர் என்ன?

கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். தினம் அந்த மூலை நாற்காலியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு தடவை பெற்றவள் பேரை அடித்துத்தான் உள்ளே நுழைந்திருக்கிறார்கள். அண்ணனைப் பூட்டுவதற்கு அம்மா பேர், தம்பியைப் பூட்டுவதற்கும் அதே அம்மா பேர். அந்தப் பேரைச் சொல்லித்தான் காலையில் எள்ளும் தண்ணியும் விட்டார்கள். சீ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல, பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்தார்.

பேர் என்ன ரகசியமா. ரோட்டில் முழ உயரத்துக்கு எழுதியிருக்கிறது. போர்டில் இருப்பதுபோலவே அடித்தேன், திறந்துகொண்டது. இன்றைக்குக் கேட்டாலும் செய்வேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

மகளிடம் இருந்து மூன்று மெயில் வந்திருந்தது. மற்றது எதையும் நான் தொடவில்லை. முதல் மெயில் நீளம். அப்பா எழுத்தைப் பார்த்து அழுததாகவும், டிக்கெட் விசாரித்துவிட்டதாகவும், வா என்று ஒரு வார்த்தை சொன்னால் கிளம்புவதாகவும் எழுதியிருந்தாள். ரெண்டாவதில், என் மெயில் கிடைத்ததா என்று கேட்டிருந்தாள். மூன்றாவது ஒரே வரி. புரிகிறது, இனி தொந்தரவு செய்யமாட்டேன்.

மூன்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். மடித்து வைத்துவிட்டு, இது இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இந்த வீட்டு அண்ணன் தம்பிக்கு நடுவில் இருந்தது என்றேன். ரொம்ப நேரம் சுவரைப் பார்த்தார். அவர் ரூமுக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிற சுவர்தான். பிறகு, "நல்லவேளை, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்" என்றார்.

அவரைக் கைத்தாங்கலாக ப்ரௌசிங் சென்டருக்கே கூட்டிவந்தேன். இந்தத் தடவை அழிக்கவில்லை. வா என்று அடிக்கச் சொன்னார், வீட்டுக்குள் ஒரு பெட்டி வழி மறித்துக்கொண்டிருந்தது என்றும் சேர்க்கச் சொன்னார். அந்தக் கெஸ்ட் ஹவுஸ் முகவரியை நம்ப எனக்கு மனசு வரவில்லை. அங்கேயே என் பேரில் புதிதாக ஒரு முகவரி திறந்து, பதிலை இதற்குப் போடுங்கள் என்று எழுதினேன். நாம் இன்றைக்கும் வைத்திருக்கிற முகவரி அதுதான்.

பழைய முகவரிக்கும் ஏதாவது ஒரு பாஸ்வேர்டு வைத்தால்தான் வெளியே விடுவேன் என்றது சர்வர். ஒன்று வைத்துவிட்டு, தாயார் பேர் கேட்கிற அந்தக் கேள்வியையும் மாற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அந்த அதிசயம் நடந்தது. கோட்டுக்கு அந்தப்பக்கம் அண்ணன், இந்தப்பக்கம் தம்பி, ஒரே நேரத்தில் என் மேஜை முன்னால் நின்றார்கள். ரெண்டு பேருக்கும் மெயில் திறக்கவில்லை, ரெண்டு பேருக்கும் சந்தேகம் என் மேல். சுவர் வைத்த நாளில் இருந்து அன்றைக்குத்தான் தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசினார். "நம்ம சோத்தைத் தின்னுட்டு நம்ம வூட்டையே பூட்டிட்டான் பாருண்ணா" என்றார். அண்ணனும், ஆமாண்டா என்றார். நம்ம சோறு, நம்ம வீடு. என்னைத் திருடன் ஆக்குவதற்கு அவர்களுக்கு அந்த 'நம்ம' திரும்பக் கிடைத்தது.

இன்னா பாஸ்வேர்டு வெச்சிருக்கே, சொல்லு என்றார் அண்ணன்.

"உங்க ரெண்டு பேர் பேரையும் சேர்த்து வெச்சிருக்கேங்க" என்றேன். "ரெண்டு பேருக்கும் மறக்காது."

எனக்குள்ளே ஒரு சின்ன ஆசை இருந்தது, மறைப்பானேன். அண்ணன் கண் கொஞ்சம் இறங்கினதுபோலக்கூட இருந்தது. அப்போது தம்பி கேட்டார்.

"யாரு பேரு மொதல்ல?"

மூத்தவர் பேர்தான் முதலில், அதுதானே முறை என்றேன். அவ்வளவுதான். தம்பி கோட்டைவிட்டு ரெண்டு எட்டு பின்னால் போனார். அண்ணன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். சாயந்தரத்துக்குள் பாஸ்வேர்டு மாறி, மிஷினில் பெட்டி திரும்ப வந்துவிட்டது.

வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். மகளுடைய பதில் என் முகவரிக்கு வந்தது. இன்ன நாள் மெட்ராஸில் இறங்குகிறேன் என்று எழுதியிருந்தாள். நான்தான் கார் பேசி அனுப்பினேன். கார் வந்து நின்றதும் முதலாளிகள் ரெண்டு பேரும் வாசலுக்கு ஓடினார்கள். அவள் துணிப்பெட்டி ஒன்றை அண்ணன் தூக்கித் தன் பக்கம் வைத்தார், இன்னொன்றைத் தம்பி பிடுங்கித் தன் பக்கம் வைத்தார். அந்தப் பெண் ரெண்டையும் விட்டுவிட்டு மாடி ஏறினாள். மேலே கட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். அங்கே என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. நான் மேஜை அடியில் துணியை வைத்து எச்சில் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது அவள் ரிசப்ஷனில் நின்றாள். அடி அண்ணாமலையில் தோட்டத்து வீடு ஒன்று பார்த்துக் கொடுத்திருந்தேன், குளியலறையோடு சேர்ந்த வீடு. கம்ப்யூட்டரைக் காட்டி, இதுவா என்று கேட்டாள். ஸ்க்ரீனில் பெட்டி நின்றுகொண்டிருந்தது. ஆமாம் என்றேன். குனிந்து கேன்சலை அழுத்தினாள். போய், திரும்ப வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். வந்தது. இதை வைத்துக்கொண்டா நான் என் அப்பாவை மனசுக்குள் திட்டினேன் என்று மெதுவாகச் சொன்னாள். சத்தம் போடவில்லை. மேஜைக்குப் பின்னால் கையை விட்டு ஸ்விட்சை அணைத்தாள். இருட்டான ஸ்க்ரீனில் என் மூஞ்சி தெரிந்தது, எனக்குப் பின்னால் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நின்ற அந்த ரெண்டு மூஞ்சியும் தெரிந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அந்த மாசத்தோடு வேலையை விட்டேன்.

நேற்று நம் வீட்டில் அதே பெட்டியைப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் நீங்கள் நின்றீர்கள். உங்களை அவர்களோடு சேர்க்கவில்லை, நீங்கள் குழந்தைகள். ஆனால் அவர்களும் ஒரு காலத்தில் ஒரே பாயில் படுத்த குழந்தைகள்தான்.

இன்று சாயந்தரம் நான் வேங்கிக்கால் ஆபீஸில் இருந்து வருவதற்குள் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரே பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள். உங்கள் அம்மாவுக்கும் சொல்லிவிடுங்கள். யார் பேர் முதலில் என்று மட்டும் என்னிடம் வந்து கேட்காதீர்கள்.